இறால் இன்னும் கொஞ்சம்

என் கண்ணு,

நானும் உன் மாமாவும் நேற்றுக் கிள்ளானில் நீ வேலை பார்க்கும் கப்பலைவிட்டு இறங்கி நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம்.

டிவியில் வரும் உன் பெரிய செஃப் பெயர் போட்ட மெனுவில், நீ சமைத்த இறால் இவ்வளவு பெரிய தட்டில் ஒன்றே ஒன்று வந்தது. நம்மூர் நாசி கண்டார் சோற்றுக் கடையில் மலாயில் கேட்கிற மாதிரி, "தம்பா லா, தம்பி, இன்னும் கொஞ்சம்" என்றேன்.

மாமாவுக்கு மானம் போய்விட்டது. "அம்மா, இங்கெல்லாம் மறுபடி கேக்கக்கூடாது."

செஃப்பே வந்து என்ன குறை என்று கேட்டார். "குறை இல்ல. என் பேத்தி கைச்சமையல், ஒண்ணு பத்தலன்னு சொல்லுடா" என்று மாமாவிடம் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த வருடமும் உன்னை விடமாட்டேன் என்றார். அப்புறம்தான் இன்னொரு தட்டை உன் கையில் கொடுத்து அனுப்பினார்.

நீ வெள்ளைத் தொப்பியோடு குனிந்து, "பாட்டி, அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடியுது. திரும்ப சைன் பண்ணாம உங்ககிட்டயே வந்துடவா?" என்று கேட்டாய். நான் பதில் சொல்லாமல் மென்றுகொண்டிருந்தேன்.

அப்போது என் வாயில் ஒன்றுமே இல்லை, கண்ணு. திறந்தால் "வா" என்று சொல்லிவிடுவேனோ என்றுதான் சும்மா மென்றேன்.

நீ சைன் பண்ணிவிடு.

உன் பாட்டி