சாமினி கடலில் இருக்கும்போது

பெப்ரவரி 11, செவ்வாய்

இன்றும் விடியுமுன் என் மனைவி சாமினி கடலுக்குப் போய்விட்டாள். கல்கிசையில் இறங்கி நீந்துகிறார்கள்: அவள், தெஹிவளையில் மருந்துக்கடை வைத்திருக்கும் ரிஸ்லா, பயிற்றுநர் மேனுகா. கதவு சாத்திய சத்தத்தில் விழித்த நான் பிறகு உறங்கவில்லை. பிளேன்டீ ஊற்றினேன், குடிக்கவில்லை. பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு போனையே பார்த்திருந்தேன். கரையேறியதும் "முடிஞ்சுது" என்று ஒரு சொல் அனுப்புவாள். அது வந்த பிறகுதான் எனக்குப் பசிக்கிறது.

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன், துறைமுகத்தில் சரக்கு விடுவிக்கும் கம்பனியில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. நீந்தத் தெரியாது. மூன்று வருஷத்துக்கு முதல் சாமினிக்குக் கழுத்து நோ வந்தது. நீந்தினால் நல்லது என்றார் டொக்டர். கழுத்து நோ போய்விட்டது, நீச்சல் போகவில்லை. அதோடு சைக்கிளும் ஓட்டமும் சேர்ந்துகொண்டன. கல்கிசைக்கு வாங்கோ என்று பலமுறை கேட்டாள். ஒருநாளும் போனதில்லை. கண்ணால் பார்க்காவிட்டால் பயம் குறையும் என்று ஓர் எண்ணம். குறைந்ததே இல்லை.

பெப்ரவரி 23, ஞாயிறு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டி முடிந்தது. உயிரோடு வந்துவிட்டாள். முதலில் இதைத்தான் எழுத வேண்டும்.

நீச்சல் நடந்த இடத்துக்கு நான் போகவில்லை. ஓட்டம் முடியும் காலிமுகத்திடலில் மகள் ரொஷேலோடு நின்றேன். உப்பு படிந்த முகத்தோடு சாமினி வந்தாள். அவளுடைய வயதுப் பிரிவில் இரண்டாமிடம். நாற்பத்து மூன்று வயதில், வங்கியில் நாள் முழுக்கக் கதிரையில் இருக்கும் ஒருத்தி. எனக்கே நம்ப முடியவில்லை.

பின்னேரம் ஹோட்டல் மண்டபத்தில் பெயர் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் முதலாவதாக வந்தவருக்கு உலகப் போட்டியில் ஓர் இடம். அவர் மண்டபத்தில் இல்லாவிட்டால் அடுத்தவருக்கு. அந்த இடத்திலேயே ஓமோ இல்லையோ சொல்லிவிட வேண்டும். முதலாவதாக வந்த ஜெர்மன்காரி விமானத்துக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது. மூன்று முறை கூப்பிட்டார்கள். பிறகு சாமினியின் பெயர்.

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

ரிஸ்லா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். உலகப் போட்டி செப்டெம்பரில், நோர்வேயில், குளிர்ந்த கடலில். சாமினியின் முகத்தை அப்படி நான் கடைசியாகப் பார்த்தது ரொஷேல் பிறந்த அன்று. அந்த முகத்தை யாரால் கெடுக்க முடியும்?

பெப்ரவரி 24, திங்கள்

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

மார்ச் 19, புதன்

வங்கியில் அவளுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். கீழ்வீட்டு வாட்ச்மேன் இப்போது அவளைக் கண்டால் எழுந்து நிற்கிறான். ரொஷேல் தன் வகுப்பில் அம்மாவின் படத்தைக் காட்டித் திரிகிறாள். வீட்டில் சாமினி பாட்டு முணுமுணுத்துக்கொண்டு நடக்கிறாள். இதெல்லாம் வந்த நன்மை. இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் சோறு ஆற முன்னமே அவளுக்கு நித்திரை வந்துவிடுகிறது. கால்விரல் நகம் இரண்டு கறுத்துவிட்டன. நாங்கள் இருவரும் ஒரு விஷயத்தை முழுதாகக் கதைத்து எவ்வளவு நாள்? எனக்குச் சொல்ல இருப்பதோ ஒன்றே ஒன்று. அதைச் சொல்லக்கூடாது.

ஏப்ரல் 27, ஞாயிறு

கொட்டாஞ்சேனையில் அக்கா எவ்லினின் பேரனுக்கு முதல் நன்மை, தேவாலயத்தில் முதல் தடவை நற்கருணை வாங்குகிறான். நானும் ரொஷேலும் மட்டும் போனோம். சாமினி நீர்கொழும்புப் பக்கம் சைக்கிளில். அக்கா எல்லாருக்கும் கேட்கத்தக்கதாகச் சொன்னாள்: "உன்ட மனுசி இந்த வயசில எதுக்கு ஓடுறா? ஆர் துரத்துறது?" எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த நேரம் அவள் எந்தச் சந்தியில், எந்த லொறிக்குப் பக்கத்தில் என்று தெரியாது.

மே 22, வியாழன்

கடல் கொந்தளிக்கிறது. நீச்சல் இனி தடாகத்தில்தான். மழையே, நீ நன்றாகப் பெய்.

ஜூன் 15, ஞாயிறு

எழுதிவிட்டுப் படுக்கப் பார்க்கிறேன்.

காலையில் தெரியாத இலக்கத்திலிருந்து ஒரு அழைப்பு. ஒரு ஆள், சிங்களத்தில். ஒருகொடவத்தைப் பக்கம், கொன்டெய்னர் லொறி, நோனாவுக்கு அக்சிடென்ட், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறார்கள். எந்த நோனா? சாமினி, ரிஸ்லா, இரண்டு பெண்கள் சைக்கிளில் போனார்களே – எந்த நோனா? கேட்பதற்குள் வைத்துவிட்டான். திரும்ப அடித்தால் எடுக்கிறானில்லை. சாமினியின் போன் அடிக்குது, அடிக்குது, ஆரும் எடுக்கினமில்லை.

ஓட்டோவில் ஏறினது ஞாபகம் இருக்கிறது. பொரளையில் சிக்னலில் நின்றது ஞாபகம் இருக்கிறது. மாதாவே, மாதாவே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு செபம் ஒன்றும் வரவில்லை.

விபத்துப் பிரிவின் வாங்கில் சாமினி உட்கார்ந்திருந்தாள். சட்டையெல்லாம் இரத்தம். அவளுடையது இல்லை. ரிஸ்லாவுக்குத் தொடை எலும்பும் காறை எலும்பும் முறிந்திருந்தன. லொறி திரும்பியபோது அவள்தான் உட்பக்கம் வந்திருக்கிறாள். கொஞ்சம் முன்பின் ஆகியிருந்தால் சாமினி.

நல்ல வேளை என்று நினைத்தேன். அப்படியே நினைத்தேன், சொல்லோடு. அடுத்த கணம் ரிஸ்லாவின் கணவர் நிஸாம் செருப்பில்லாமல் ஓடி வந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு, "என்ன நடந்த, அவ உசிரோட ஈக்கிறாளா?" என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

ஜூன் 18, புதன்

ரிஸ்லாவைப் பார்க்கப் போனோம். கட்டுப் போட்ட கால் கம்பியில் தொங்கிக்கொண்டிருக்கிறது. சாமினி அவள் பக்கத்தில் இருந்து, எல்லாவற்றையும் விடப்போகிறேன் என்று மெதுவாகச் சொன்னாள். எனக்கு அது தேவகானம்.

ரிஸ்லா தலையைத் திருப்பிச் சொன்னாள்: "என்னப் பாத்துட்டு நீங்க நிப்பாட்டினா, பொறகு என்ட மூஞ்சியப் பாக்க வராதீங்க."

போய்விட்டது என் நிம்மதி.

ஜூன் 22, ஞாயிறு

நான் செய்த வேலையை எழுத வெட்கமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை, அவள் வங்கிக்குப் போன பிறகு, சைக்கிளின் முன் சில்லைக் கழற்றினேன். ஒரு சின்ன நெம்பு, திருப்பினால் கையோடு வந்துவிடுகிறது. உரப்பையில் சுற்றி, வேலைக்குப் போகும் வழியில் கொட்டாஞ்சேனையில் அக்கா வீட்டில் வைத்தேன். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. அலுமாரிக்குப் பின்னால் செருகிவிட்டாள்.

நேற்றுக் காலை சாமினி பல்கனியில் சைக்கிளைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "எங்க?" என்றாள். சொன்னேன். உடுப்பை மாற்றிக்கொண்டு கீழே இறங்கினாள். காலி வீதியில் மட்டக்குளி பஸ் எடுத்து, அக்காவிடம் வாங்கிக்கொண்டு, சில்லை மடியில் வைத்தபடி சனத்துக்குள் அதே பஸ்ஸில் திரும்பி வந்தாள். மாட்டினாள். காற்றுப் பார்த்தாள். கைகழுவிவிட்டு வந்து என் முன்னால் நின்றாள்.

"பயம் எண்டா பயம் எண்டு சொல்லுங்கோ. களவெடுக்காதேங்கோ."

"பயம்" என்றேன். "சாமினி, எனக்குச் சரியான பயம். நீர் வெளிய போனா நான் மனுசனே இல்ல."

"எனக்கும்தான் பயம்," என்றாள். "அண்டைக்குப் பிறகு ஒவ்வொரு லொறிக்கும் பயம்."

பிறகு? அவ்வளவுதான். இன்று காலை போய்விட்டாள். எனக்கும் பயம், அவளுக்கும் பயம் – பிறகேன் போகிறாள்? இதை யாரிடம் கேட்பது?

ஜூலை 23, புதன்

நோர்வேயில் இருக்கும் அவளுடைய மச்சாள் வெட்சூட் அனுப்பியிருக்கிறாள். குளிர்க் கடலுக்கு உடம்போடு ஒட்டிப் போடும் றப்பர் உடுப்பு. வெள்ளவத்தைப் புழுக்கத்தில், இரண்டு ஃபானையும் போட்டுவிட்டு, நானும் ரொஷேலும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். கால் போனால் இடுப்பு போகவில்லை. சாமினி சிரித்துச் சிரித்துக் கட்டிலில் விழுந்தாள். கழுத்து வரை ஸிப்பைப் பூட்டியதும் சிரிப்பு நின்றது. கழற்றுங்கோ, உடனே கழற்றுங்கோ என்றாள். கழற்றும்போது அவள் முதுகு குளிர்ந்திருந்தது. இந்த வெக்கையில்.

ஒன்றுமில்லை, இறுக்கம் என்றாள். நானும் ஒன்றுமில்லை என்றேன்.

ஓகஸ்ட் 30, சனி

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்தோம், சாமினி நோர்வேக்குத் தனியே போகிறாள். நான் போகவில்லை. ரொஷேலுக்கு ஓ/எல் பரீட்சை வகுப்புகள், அவளைத் தனியே விட முடியாது என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். அக்கா வந்து நிற்கிறேன் என்றுகூடச் சொன்னாள். மறுத்துவிட்டேன். அந்தக் கரையில் என்னால் நிற்க முடியாது. இதுதான் காரணம்.

உள்ளே போகுமுன் சாமினி, "செபம் சொல்லுங்கோ" என்றாள். அவள் சைவக்காரி, நான் கத்தோலிக்கன். கல்யாணம் முடித்து இவ்வளவு காலத்தில் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

செப்டெம்பர் 7, ஞாயிறு

சும்மா இருக்க முடியாமல் எழுதுகிறேன்.

போட்டி தொடங்கிவிட்டது. போனில் பார்க்கலாம். தண்ணீரை விட்டு வெளியே வரும்போது காலில் கட்டிய பட்டி நேரத்தைப் பதியும். அதுவரை ஒன்றும் தெரியாது. கடலுக்குள் இருக்கிறவளைப் பற்றி எந்த மெசினுக்கும் தெரியாது.

அவளுடைய பிரிவில் முதல் ஆட்கள் வெளியே வந்துவிட்டார்கள். அவள் மெதுவாகத்தான் வருவாள், தெரியும்.

பாதிப் பேர் வந்துவிட்டார்கள்.

ரொஷேல் கேட்கிறாள், "டடி, அங்க நெட்வேர்க் பிரச்சினையோ?" ஓம் என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம்பவில்லை.

எல்லாருக்கும் நேரம் விழுந்துவிட்டது. சாமினியின் பெயருக்கு நேரே ஒரு சின்னக் கோடு. மச்சாள் போன் எடுக்கிறாளில்லை. ஏன் எடுக்கிறாளில்லை? கரையில நிக்கிறாள்தானே, கண் இருக்குதானே, ஒரு வசனம் அனுப்பினா என்ன? அய்யோ நான் போயிருக்கோணும். நான் அங்க நிண்டிருக்கோணும்.

கோடு மாறிவிட்டது. டி.என்.எஃப். முடிக்கவில்லை என்று அர்த்தமாம், ரொஷேல் தேடிச் சொன்னாள். எதை முடிக்கவில்லை? நீச்சலையா? ஆளே

*

பின்னேரம். அவள் பேசினாள். மச்சாளின் போனிலிருந்து. உயிரோடு இருக்கிறாள். தண்ணீரில் மூச்சு எடுக்க முடியவில்லையாம், கையை உயர்த்தினாளாம், படகில் ஏற்றிவிட்டார்கள். சொல்லிவிட்டு அழுதாள். நான் பரவாயில்லை, பரவாயில்லை, அதுக்கென்ன என்று சொன்னேன். என் குரலில் சந்தோஷம் இருந்தது. மறைக்க முடியவில்லை.

அவள் அழுகையை நிறுத்திவிட்டாள். பிறகு பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

செப்டெம்பர் 16, செவ்வாய்

வந்துவிட்டாள். எல்லாருக்கும் சொக்லேட். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் பண்பு என்று எல்லாரும் முடிவெடுத்திருக்கிறார்கள்.

ஒக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. பருப்பு வடை சுட்டாள். இரவு ஒன்றாக இருந்து சாப்பிட்டோம். இப்போதெல்லாம் தினமும் ஒன்றாகத்தான் சாப்பிடுகிறோம். காலையில் நான் எழும்போது அவள் பக்கத்தில் இருக்கிறாள். கண் திறந்தபடி, மேலே பார்த்துக்கொண்டு. சைக்கிளில் துவாய் காய்கிறது. மேனுகா கூப்பிட்டால் போன் அடித்து ஓய்கிறது. ரிஸ்லா இப்போது ஊன்றுகோலில் நடக்கிறாள். அவளைக்கூடப் போய்ப் பார்க்கவில்லை.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. அப்படியிருக்க இந்தப் பயம் ஏன் போகவில்லை? முன்பு அவள் வெளியே போனால் பயந்தேன். இப்போது பக்கத்து அறையில் சத்தமில்லாமல் இருந்தால் எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

நவம்பர் 9, ஞாயிறு

மழை. ரொஷேல் டியூஷனுக்குப் போயிருந்தாள். சாமினி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்டுவிட்டேன். அன்றைக்குக் கடலில் என்ன நடந்தது?

கையிலிருந்த கீரையைப் பார்த்தபடியே சொன்னாள். குளிர் முகத்தில் அடித்ததாம். அந்த உடுப்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டதாம். நெஞ்சுக்குள் காற்று போகவில்லை. மல்லாந்து மிதந்து பார்த்தாளாம், வானம் சுற்றியதாம்.

"பயம் எண்டா என்னெண்டு எனக்கு முந்தித் தெரியாது," என்றாள். "உங்கட முகத்தைப் பாத்துப் பாத்துப் படிச்சிட்டன்."

"அப்ப என்னாலயா?" என்றேன்.

"தெரியாது. தண்ணியாலயும்தான். லொறியாலயும்தான்." கீரையைச் சட்டியில் போட்டாள். "ஆனா கையைத் தூக்கேக்க, இதைக் கேட்டா நீங்க சந்தோஷப்படுவீங்கள் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் நோகுது."

மன்னிப்புக் கேட்க வாய் எடுத்தேன். வேண்டாம் என்று தலையசைத்தாள். நீர் திரும்ப இறங்குவீரோ என்று கேட்டேன். போட்டிக்கு இல்லை, சும்மா இறங்க ஆசை, ஆனால் தனியே ஏலாது என்றாள். டிசெம்பர் முடியும்வரை கடல் அடங்காது. அதற்குப் பிறகு பார்க்கலாம்.

"கரையில ஆரும் நிண்டா நல்லது," என்றாள்.

சட்டியைத் தூக்கி அடுப்பில் வைத்துக் கொடுத்தேன்.

நவம்பர் 10, திங்கள்

வேலைக்குப் போகாமல் முதலில் தெஹிவளைக்குப் போய் ரிஸ்லாவிடம் பேசினேன். அவளுடைய டொக்டர் அவளை நீந்தச் சொல்லியிருக்கிறாராம். யாரோடு போவது என்று இருந்தாளாம்.

ஜனவரி 18, ஞாயிறு

கல்கிசை. மணலில் இருந்து எழுதுகிறேன். மடியில் மூன்று துவாய், பக்கத்தில் ரிஸ்லாவின் ஊன்றுகோல். கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடக்கிறது.

மேனுகா ரிஸ்லாவைத் தாங்கிப் பிடித்து இறக்கினாள். சாமினி முழங்கால் அளவு தண்ணீரில் நெடுநேரம் நின்றாள். போக மாட்டாள் என்றுதான் நினைத்தேன். என்னைத் திரும்பிப் பார்த்தாள். முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல், "நான் இஞ்சதான் நிக்கிறன், போம்" என்று சொன்னேன். குனிந்தாள், போய்விட்டாள்.

கடலை விற்கிறவன் வந்து, மஹத்தயா என்ன எழுதுகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். ஒன்றுமில்லை என்றேன். நிமிர்ந்தேன்.

தண்ணீரில் மூன்று செம்மஞ்சள் நீச்சல் தொப்பி. மூன்று. இரண்டு – இரண்டு – மூன்று. மூன்று. இரண்டு.

மூன்று.