நான்கு நிமிடம் என்று எழுதினேன்

8 ஜூலை 2025, செவ்வாய்

இன்று முதல் நான் கல்லூரியின் பேரிடர் மேலாண்மை ஒருங்கிணைப்பாளர். முதல்வர் குருமூர்த்தி கூப்பிட்டு உத்தரவுத் தாளை நீட்டினார். ஏன் சார் நான் என்று கேட்டேன். "உங்ககிட்டதான் விசில் இருக்கு, சிங்காரவேலு" என்றார். இருபத்தாறு வருடம் உடற்கல்வி இயக்குநராக இருந்து சேர்த்த தகுதி அது ஒன்றுதான் போலிருக்கிறது. மற்ற தகுதிகள் தொப்பைக்குப் பின்னால் மறைந்து நாளாயிற்று.

அடுத்த மாதம் தர மதிப்பீட்டுக் குழு வருகிறது. அதற்குள் ஒரு வெளியேற்ற ஒத்திகை கோப்பில் இருக்க வேண்டுமாம். நடக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. இருக்க வேண்டும் என்றார்.

வீட்டில் ஜெயலட்சுமியிடம் பதவியைச் சொன்னேன். "அவங்களுக்கும் தெரிஞ்சுபோச்சா" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள்.

11 ஜூலை, வெள்ளி

பழைய வேலைதான். எங்கள் மூன்று மாடிக் கட்டடத்துக்கு மேற்கே ஒரு படிக்கட்டு, பெண்களுக்கு. கிழக்கே ஒன்று, ஆண்களுக்கு. மாறி ஏறினால் அடையாள அட்டை பறிமுதல், வீட்டுக்கு போன். மணி அடிக்கும்போதெல்லாம் கிழக்குப் படிக்கட்டின் கீழே விசிலோடு நிற்பது நான்.

இந்த விதி பிறந்த கதை தனி. தாளாளரின் அக்கா மகள் இங்கே படித்தபோது படிக்கட்டில் ஆரம்பித்த ஒரு பேச்சு, திருச்சியில் பதிவுத் திருமணத்தில் முடிந்தது. மாப்பிள்ளை தங்கமான பையன். பேரனை இப்போது குடும்பமே கொஞ்சுகிறது. படிக்கட்டுக்கு மட்டும் இன்னும் மன்னிப்பு கிடைக்கவில்லை.

இன்று ஒருத்தி மாட்டினாள். வணிகவியல் இரண்டாமாண்டு, சுவாதி. கிழக்கே இறங்கி வந்தாள். அந்தப் பக்கம் கூட்டம், மூச்சு வாங்குது சார் என்றாள். எத்தனை கதை கேட்டிருக்கிறேன். ஒரு விசில் ஊதி, திரும்ப மேலே அனுப்பி, மேற்கு வழியாக வரச் சொன்னேன். அட்டை என் மேசை இழுப்பறையில்.

16 ஜூலை, புதன்

ஒத்திகை இனிதே நடந்தது. அதாவது பேனர் கட்டினோம். தீத் தடுப்பு ஒத்திகையைக் குத்துவிளக்கு ஏற்றித் தொடங்கி வைத்தோம். விளக்குக்குப் பக்கத்தில் தீயணைப்பான், படத்துக்கு அழகாக. நாற்பது பிள்ளைகள் தலையில் கை வைத்துக்கொண்டு மைதானத்தில் ஓடினார்கள். மயங்கி விழ வேண்டிய பெண் ஸ்ட்ரெச்சரில் சிரித்துவிட்டதால் மூன்று முறை மயங்கினாள். இடமும் நேரமும் பதிவாகிற படம் பதினாறு. மொத்தத்தில் தாலி கட்டாத கல்யாணம்.

சிறப்பு விருந்தினர் தீயணைப்பு நிலைய அலுவலர் தமிழ்மாறன். சால்வையை மடித்து வைத்துக்கொண்டு, மொத்தப் பிள்ளைகளையும் இறக்கிப் பார்க்கவில்லையா என்று மெதுவாகக் கேட்டார். அடுத்த முறை என்றேன். கட்டடத்தை அண்ணாந்து பார்த்தார்.

"எத்தன படிக்கட்டு சார்?"

"ரெண்டு."

"அப்ப பரவால்ல" என்று ஜீப்பில் ஏறினார். யாருக்கு எது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

17 ஜூலை, வியாழன்

அறிக்கை எழுதினேன். 1,140 மாணவர்கள், முழு வெளியேற்றம். முதலில் மூன்று நிமிடம் என்று எழுதி, யாரும் நம்பமாட்டார்கள் என்று நான்காக மாற்றினேன். கையெழுத்து என்னுடையது.

25 ஜூலை, வெள்ளி

ஆடிக் காற்று ஆளைத் தள்ளுகிறது. மத்தியானம் மைதானத்தில் ஒரு நெடி, மூக்கில் ஊசி குத்துகிற மாதிரி. மேற்கே மக்காச்சோளக் கொல்லையைத் தாண்டி ஒரு தனியார் பால் குளிரூட்டும் ஆலை இருக்கிறது. அங்கிருந்துதான். கால் மணியில் போய்விட்டது.

வேதியியல் பானுப்ரியா விறுவிறுவென்று மைதானத்துக்கே வந்தார். அம்மோனியா சார், பாலைக் குளிரவைக்கிற வாயு, கசியுது என்றார். நம் கழிப்பறைப் பக்கம் தினமும் வருவதுதானே என்றேன். சிரிக்கவில்லை. நான் சொல்லி ஒருவர் சிரிக்காவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

"ஒங்க ரிப்போர்ட்ட படிச்சேன். நாலு நிமிஷம்னு யார் சார் பாத்தா?"

மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரம் பார்ப்பது போல் பார்த்தேன். போய்விட்டார்.

26 ஜூலை, சனி

யாருமில்லாத கட்டடம். மூன்றாம் மாடியிலிருந்து மேற்குப் படிக்கட்டு வழியாக இறங்கினேன். முழங்கால் அனுமதித்த வேகத்தில் இரண்டு நிமிடம் பத்து விநாடி. நான் ஒருவன் மட்டும். அந்தப் படிக்கட்டில் அறுநூற்றிருபது பெண்கள். மூன்று பேர் சேர்ந்து நின்றால் தோள் இடிக்கும். திரும்பும் இடத்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் நேரே ஆலையின் தகரக் கூரை.

இத்தனை வருடத்தில் அந்த ஜன்னல் வழியாக நான் பார்த்ததே இல்லை. நான் நிற்பது கிழக்கே அல்லவா.

28 ஜூலை, திங்கள்

முதல்வரிடம் போனேன். உண்மையாகவே ஒரு முறை இறக்கிப் பார்ப்போம் சார், படிக்கட்டு விதியையும் அன்றைக்கு மட்டும் தளர்த்துவோம் என்றேன். குழு வந்து போகட்டும் என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"இப்ப எறக்கிப் பாத்து இருவது நிமிஷம் ஆச்சுன்னா, அந்த நாலு நிமிஷத்த என்ன பண்றது?"

வெளியே வந்தபோது அப்பாடா என்றுதான் இருந்தது. கேட்டாயிற்று, அவர் மாட்டேன் என்றாயிற்று. இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

31 ஜூலை, வியாழன்

என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. இருந்தாலும் வரிசையாக எழுதிவிட வேண்டும். நாளைக்கு மாற்றி நினைத்துக்கொள்வேன்.

பதினொன்று இருபது. மைதானத்தில் இருந்தேன். ஆலைப் பக்கம் பெரிய குக்கர் சீறுவது மாதிரி சத்தம், நிற்கவே இல்லை. சோளத் தட்டைக்கு மேலே வெள்ளையாக ஒன்று தாழப் படர்ந்து வந்தது. காற்று நேரே எங்களைப் பார்த்து. கண் எரிந்தது. அலுவலகத்துக்கு ஓடி மணியை விடாமல் அடித்தேன்.

பிள்ளைகள் வெளியே வந்தார்கள். பையன்கள் கிழக்கே இறங்கி ஓடிவிட்டார்கள். பெண்கள் அத்தனை பேரும் — யாரும் சொல்லவில்லை — மேற்கே திரும்பினார்கள். வெள்ளை அங்கேதான் ஏறிக்கொண்டிருந்தது. முன்னால் போனவர்கள் இருமிக்கொண்டு நின்றார்கள், பின்னால் வந்தவர்கள் தள்ளினார்கள்.

நான் கிழக்குப் படிக்கட்டில் ஏறினேன். காலியாகக் கிடந்தது. அகலமாக, நெடியே இல்லாமல். இரண்டாம் மாடியில் பதினைந்து இருபது பெண்கள் தாங்களாகவே அந்தப் பக்கம் வந்துகொண்டிருந்தார்கள். நல்ல பிள்ளைகள், புத்திசாலிகள். இன்னும் பின்னால் இருப்பவர்களையும் கூப்பிட வேண்டும், என் குரல் கேட்கவில்லை. விசிலை ஊதினேன்.

ஊதினேன்.

அவர்கள் நின்றார்கள். என்னைப் பார்த்தார்கள். "சார் நிக்கிறாருடி" என்று ஒருத்தி சொன்னது கேட்டது. திரும்பி ஓடினார்கள். மேற்கே.

நான் மறுபடி ஊதினேன், மடையன். இன்னும் வேகமாக ஓடினார்கள்.

பானுப்ரியா மேலே ஆய்வகத்திலிருந்து ஈர முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். கடைசியில் நின்ற பெண்ணின் கையைப் பிடித்துக் கிழக்குப் படியில் இழுத்து விட்டார். "கார்டு போனா போவுது, எறங்குடி." அவள் ஒருத்தி இறங்கிய பிறகுதான் மற்றவர்கள் வந்தார்கள். நான் விசிலைக் கழற்றி எறிந்துவிட்டுச் சுவரோடு ஒட்டி, இரண்டு கையும் கூப்பிக்கொண்டு நின்றேன். கல்யாண மண்டப வாசலில் பெண்ணைப் பெற்றவன் நிற்பது மாதிரி. வாங்க, வாங்க, வாங்க.

தீயணைப்புக்காரர்கள் வந்து ஆலையின் வால்வை அடைத்தார்கள். மணி அடித்ததிலிருந்து கடைசி ஆள் வெளியேறும்வரை இருபத்திரண்டு நிமிடம் என்று தமிழ்மாறன் குறித்துக்கொண்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பதினேழு பெண்கள் பெரம்பலூர் அரசு மருத்துவமனையில். பதினாறு பேருக்குக் கண் எரிச்சல், இருமல். மேற்குப் படிக்கட்டின் முதல் திருப்பத்தில் ஒருத்தி விழுந்து கிடந்தாள். தூக்கி வரும்போது கழுத்தில் அடையாள அட்டை இல்லை, யாரென்று தெரியவில்லை என்றார்கள். எனக்குத் தெரிந்தது. அட்டை என்னிடம்தானே இருக்கிறது.

1 ஆகஸ்ட், வெள்ளி

தீவிர சிகிச்சைப் பிரிவு. சுவாதிக்குச் செயற்கை சுவாசம்.

அவள் அப்பா பிச்சைமுத்து தா.பழூரிலிருந்து வந்திருக்கிறார். வயலிலிருந்து அப்படியே. கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது. விளையாட்டு சார் என்று யாரோ என்னைக் காட்டினார்கள். எழுந்து நின்று கும்பிட்டார்.

"சின்னதுலேர்ந்து இழுப்பு சார். கூட்டத்துல படி ஏறுனா மூச்சு முட்டும்னு சொல்லும். ஒங்ககிட்டயும் சொல்லிருக்கும்ல?"

"சொல்லுச்சு" என்றேன்.

இன்னும் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். டீ சாப்பிடுறீங்களா சார் என்றார்.

2 ஆகஸ்ட், சனி

கண் திறக்கவில்லை.

3 ஆகஸ்ட், ஞாயிறு

முதல்வர் போன். நாளைக்குக் கோட்டாட்சியர் விசாரணை. அறிக்கையைக் கொண்டுவரச் சொன்னார். ஒத்திகை முறையாக நடந்தது, நான்கு நிமிடத்தில் இறங்கினார்கள், அன்றைக்குப் பிள்ளைகள் பயத்தில் தப்பான பக்கம் ஓடிவிட்டார்கள் — இப்படித்தான் எல்லாரும் சொல்கிறோம். தாளாளர் என்னை மறக்கமாட்டார் என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஜெயலட்சுமி பக்கத்தில் நின்று முழுக்கக் கேட்டாள். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு குத்தல் வரும். வரவில்லை.

"அந்தப் புள்ள தப்பாவா ஓடுச்சு?"

குளிக்கப் போகிறேன் என்று எழுந்துவிட்டேன். ஏற்கெனவே குளித்தாயிற்று.

இன்னும் ஆறு வருடம் வேலை இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதுத் தொப்பையை வேறு எந்தக் கல்லூரி மைதானத்துக்கு எடுத்துக்கொள்ளும்? அறிக்கையில் எனக்கு மேலே முதல்வர் கையெழுத்தும் இருக்கிறது. எல்லாரும் சொல்வதைத்தானே நானும் சொல்லப்போகிறேன். யார் கேட்கப்போகிறார்கள்? — அவள் கண் திறந்தால் அவள் கேட்பாள். திறக்காவிட்டால்?

4 ஆகஸ்ட், திங்கள்

சொல்லிவிட்டேன்.

முதல்வர் அறிக்கையை எடுத்து வைத்தார். கோட்டாட்சியர் அம்மா படித்துவிட்டு, நீங்க எழுதினதுதானா என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். ஒத்திகை நடக்கவில்லை, நாற்பது பேரை வைத்துப் படம் எடுத்தோம், நான்கு நிமிடம் நான் வீட்டில் காபி குடித்துக்கொண்டே எழுதியது என்றேன். ஏன் நான்கு என்று கேட்டார்.

"மூணு நம்பற மாதிரி இல்லீங்க மேடம்."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்துவிடக் கூடாதே என்று நான் பயந்தது இதுதான் முதல் தடவை.

முதல்வர் குறுக்கே வந்து, என்ன இருந்தாலும் அன்றைக்குப் பிள்ளைகள் தப்பான பக்கம் ஓடியது உண்மைதானே என்றார்.

"தப்பா ஓடல மேடம். நாங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான் ஓடுனாங்க. சரியா வந்த புள்ளைங்களயும் நான்தான் விசில் ஊதித் திருப்பி வுட்டேன்."

படிக்கட்டு விதி, அட்டை, சுவாதி கேட்டது, எல்லாவற்றையும் சொன்னேன். வாக்குமூலம் எழுதியவருக்கு வேகம் போதவில்லை. இரண்டு முறை நிறுத்தச் சொன்னார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். பானுப்ரியா ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்துவிட்டுப் போனார்.

6 ஆகஸ்ட், புதன்

சுவாதி கண் திறந்தாள். குழாயை எடுத்துவிட்டார்கள். பிச்சைமுத்து போனில் அழுதார். நான் நடு ரோட்டில், சிமென்ட் லாரிகள் போய்க்கொண்டிருக்க, அரியலூர் பஸ்ஸைத் தவறவிட்டு நின்றேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

அட்டையை எடுத்துக்கொண்டு போனேன். மன்னிப்பு என்று ஆரம்பித்தால் எனக்குப் பேச்சு கேலியில் போய் முடியும், அதனால் வாயை மூடிக்கொண்டு அட்டையை மட்டும் கட்டிலில் வைத்தேன். சுவாதி அதைத் தொடவில்லை. குரல் தகரத்தில் ஆணி இழுத்த மாதிரி வந்தது.

"நான் அன்னிக்கி மொதல்ல கிழக்கதான் வந்தேன் சார்."

அந்தப் பதினைந்து இருபது பேரில் அவளும் இருந்திருக்கிறாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

உடையார்பாளையத்தில் எங்கள் கல்லூரி அறக்கட்டளையே நடத்தும் பள்ளிக்கு மாற்றம். நிர்வாகக் காரணம். சம்பளமும் பள்ளிக்கூடத்துச் சம்பளம். தாளாளர் மீதும் முதல்வர் மீதும் நோட்டீஸ் வந்திருக்கிறது, என் மீதும்தான். பானுப்ரியா போன் செய்தார். ஆண்கள், பெண்கள் என்று எழுதிய படிக்கட்டுப் பலகை இரண்டையும் கழற்றிவிட்டார்களாம். "ஆனா புள்ளைங்க இன்னும் மேற்கதான் போவுதுங்க சார். தெனம் நின்னு கூப்புடறேன்."

1 செப்டம்பர், திங்கள்

புதுப் பள்ளியில் முதல் நாள். தலைமையாசிரியை உண்ணாமலை, பருத்த உடம்பு, என்னைவிட வேகமான நடை. பத்து மணிக்குப் பாதுகாப்புப் பதிவேட்டை நீட்டினார். காலாண்டு ஒத்திகை, இங்க ஒரு கையெழுத்து, போன சார் எல்லாம் போட்டிருக்கார் பாருங்க என்றார். பேனாவும் அவரே கொடுத்தார்.

பின்பக்கக் கதவு எங்கே என்று கேட்டேன். ஸ்டோர் ரூமுக்குள்ளே இருக்கிறது, அதை யாரும் திறப்பதில்லை என்றார். திறந்து பார்த்துவிட்டுப் போடுகிறேன் என்றேன். "சரியான ஆளத்தான் புடிச்சு அனுப்பிருக்காங்க" என்று எனக்குக் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டுச் சாவிக்கு ஆள் அனுப்பினார். சாவி கிடைக்கவில்லை. பூட்டை உடைத்தோம். உள்ளே கதவை மறைத்துக்கொண்டு கால் உடைந்த பெஞ்சுகள், கூரைவரை.

மத்தியானம் சாப்பிட்ட கையோடு நான் ஒரு முனையைத் தூக்கினேன். நான்காவது பெஞ்சில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். தலைமையாசிரியை வாசலில் நின்று பார்த்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்.

"அந்தப் பக்கம் புடிங்க சார்."

ஐந்து மணிவரை பதினொன்று வெளியே வந்தது. இன்னும் எட்டு இருக்கிறது.