முக்காலி மாமியார்

மார்ச் 4

தையல் கடையில் இன்று உயரம் குறைக்க நான்கு பேன்ட், ஒரு திரைச்சீலை. திரைச்சீலை கொண்டுவந்த பெண் அளவைச் சொல்லாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "உங்களைப் பார்த்தா எல்லாருக்கும் அவங்கவங்க மாமியார் ஞாபகம் வரும்" என்றாள். கையிலிருந்த ஊசியால் குத்தலாம் போல் இருந்தது.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தாள். கலைக்கூடத்தில் புதுமாதிரிக் காட்சி ஒன்று செய்கிறாளாம். வருகிறவர்கள் வி.ஆர். கண்ணாடியை மாட்டிக்கொண்டால், எதிரே முக்காலியில் ஒரு மாமியார் துணி மடித்துக்கொண்டிருப்பாளாம். மனதில் இருப்பதையெல்லாம் அவளிடம் கொட்டிவிட்டுப் போகலாம். அவள் பதிலே பேசமாட்டாள். பேசாத மாமியாரைச் செய்ய இவ்வளவு இயந்திரம் தேவைப்படுகிறது! அதோடு என் முகமும் வேண்டுமாம், நான் வந்து நடித்துக் கொடுக்க வேண்டுமாம்.

போகட்டுமா என்று மருமகளைக் கேட்டேன். "சரிங்க அத்தை." கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இதே பேச்சுதான். வீடு பற்றி எரிகிறது என்றாலும் சரிங்க அத்தை என்பாள். ஆனால் மகனின் போனில் வாடகை வீட்டுப் படங்கள் பார்த்தேன். போய்விடுவார்களோ? எனக்கு இவர்களை விட்டால் யார்? நான் என்ன செய்தேன் என்றாவது ஒருத்தி சொல்லக்கூடாதா?

மார்ச் 11

உடம்பெல்லாம் புள்ளி ஒட்டிய கறுப்புச் சட்டை. என் அசைவைப் பிடித்துப் பொம்மைக்குக் கொடுக்கச் சுற்றிலும் கேமரா. யாரோ மடித்துவைத்த துணிகளை ஒரு கூடையில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"கொஞ்சம் மாமியார் மாதிரி மடிங்க" என்றாள் திரைச்சீலைப் பெண்.

அது எப்படி? எனக்குத் தெரியாது. வீட்டில் செய்வதைச் செய்தேன். ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்து, உதறி, ஓரத்தோடு ஓரம் சேர்த்து மறுபடி மடித்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கேமராக்காரருக்கு மட்டும் வியர்த்துவிட்டது. அவர் வீட்டோடு மாப்பிள்ளையாம்.

ஏப்ரல் 6

காட்சி தொடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தேன். வெற்று அறை, வெற்று முக்காலி, எதிரே கண்ணாடி மாட்டிய ஒரு அம்மாள். எனக்கு மூத்தவளாக இருப்பாள். "என் கல்யாணத்தன்னிக்கு நீங்க ஏன் ஒரு தடவை கூட சிரிக்கல?" என்று முக்காலியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அந்த மாமியார் போய்ச் சேர்ந்து எத்தனை வருஷமோ.

எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. வாசலில் நின்று சிரித்து வைத்தேன், அவளுக்காக.

ஏப்ரல் 10

தெருவில் நடக்க முடியவில்லை. மருந்துக்கடைப் பெண் என்னைக் கண்டதும் குனிந்துகொண்டாள். காய்கறி வாங்கும் இடத்தில் ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு, "நேத்து ரொம்பப் பேசிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். பரவாயில்லை என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

பஸ் நிறுத்தத்தில் இன்னொருத்தி. "நேத்து பாதியில டைம் முடிஞ்சிருச்சு. மிச்சத்தையும் கேளுங்க." கேட்டேன். பஸ் போய்விட்டது. கடைசியில், "என் மேலயும் தப்பு இருக்கும்மா" என்று யாருக்காகவோ ஒப்புக்கொண்டேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

ஏப்ரல் 13

கடையில் கூட்டம். பாதிப் பேர் துணியோடு வருகிறார்கள், பாதிப் பேர் குறையோடு.

ஏப்ரல் 17

திரைச்சீலைப் பெண் பேச்சுவாக்கில் உளறிவிட்டாள். என் மருமகள் மூன்று தடவை வந்திருக்கிறாளாம்! சனிக்கிழமை மறுபடி வருகிறாளாம்!

என்ன பேசினாள் என்று கேட்டேன். "நாங்க பதிவு பண்றதில்லம்மா. தெரிஞ்சாலும் சொல்ல மாட்டோம்."

வயிறு எரிகிறது. ஊரே என்கிட்ட வந்து அழுவுது. இவ மட்டும் எனக்கு ஒரு 'சரிங்க அத்தை', அந்தப் பொம்மைக்கு வண்டி வண்டியாப் பேச்சா? அவ என்ன செஞ்சா உனக்கு? பெத்தாளா, வளர்த்தாளா, காய்ச்சல்ல கஞ்சி வச்சாளா? என் மூஞ்சிதானே அவளுக்கு!

என் மீதே எனக்குப் பொறாமை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

ஏப்ரல் 19

போனேன். வாசலில் இருப்பவர் தடுக்கவில்லை. காட்சியே நான்தானே, எதற்குத் தடுப்பார்? உள்ளே போய் அந்த முக்காலியில் உட்கார்ந்துகொண்டேன். மருமகளைக் கண்ணாடி மாட்டி அழைத்துவந்து எதிரே உட்கார வைத்தார்கள். அவள் கண்ணுக்குப் பொம்மைதான் தெரியும். பொம்மை இருந்த இடத்தில் நான்.

"நான் மடிச்ச துணிய ஏன் அத்தை பிரிச்சுப் பிரிச்சு மடிக்கிறீங்க?" என்றாள். "ஒரு கைக்குட்டையக்கூட விடல…"

எனக்குத் தொண்டை கமறியது. பல்லைக் கடித்துப் பார்த்தேன். இருமிவிட்டேன்.

கண்ணாடி மாட்டிய தலை லேசாகச் சாய்ந்தது. பிறகு அவள் குரல் ஏறியது. "கழுவின டம்ளர மறுபடி கழுவுறீங்க. அடுக்கின அலமாரிய மறுபடி அடுக்குறீங்க. அந்த வீட்ல நான் செஞ்ச எதுவும் ராத்திரி வரைக்கும் நான் செஞ்ச மாதிரி இருந்ததே இல்ல!"

தாங்கவில்லை. "ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா? அந்த வார்த்தையையும் பிரிச்சு மடிப்பீங்க."

வெளியே போகும்போது திரைச்சீலைப் பெண்ணிடம், "இன்னிக்குப் பொம்மை நல்லாப் பேசிச்சு" என்றாளாம். அந்தப் பெண் தலையைச் சொறிந்துகொண்டு நின்றாளாம். நான் பின்வாசல் வழியாக வந்துவிட்டேன்.

பிரித்துத் தைப்பது என் பிழைப்பு. அது வீடு வரைக்கும் வந்தது எனக்கே தெரியவில்லை. அழுகை வந்தது, அழுதேன்.

ஏப்ரல் 20

கொடியிலிருந்து எடுத்த துண்டைக் கோணலாக மடித்து வைத்திருக்கிறாள். கை அரிக்கிறது. தொடவில்லை. தொடவில்லை. தொடவே இல்லை.

ஏப்ரல் 27

சாயங்காலம் வீட்டுத் தரகர் கூப்பிட்டார். மகன் விழித்தான். மருமகள் போனை வாங்கி, "இப்போதைக்கு வேணாங்க" என்றாள். என் பக்கம் திரும்பி, "இப்போதைக்குத்தான் அத்தை" என்றாள்.

எங்கள் நடுவே அவள் மடித்த துணிக் குவியல், ஒரு வாரமாக நான் கை வைக்காதது. எப்படிச் சரியாமல் நிற்கிறதோ. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா. அன்னிக்கு அங்க…"

"பொம்மை இருமாது அத்தை."

"தெரிஞ்சுமா பேசின?"

"தெரிஞ்ச பிறகுதானே சத்தமாப் பேசினேன்."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "காத்து அடிக்குது, அந்த ஜன்னலைச் சாத்தும்மா" என்றேன்.

"மாட்டேன். புழுங்குது."

மகன் வாயைப் பிளந்துகொண்டு எங்கள் இருவரையும் பார்த்தான். ஜன்னல் திறந்தே இருக்கிறது. டைரிப் பக்கம் பறக்கிறது. கத்தரிக்கோலை மேலே வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.