ஒன்பது தரம் தேறிய ஆனைக்கார்

1937 மார்ச் 2, செவ்வாய்

மழை விட்டுவிட்டது. குருக்கள்மடத்துக்கு அப்பாலும் றோட்டுக் காய்ந்துவிட்டதாம். பாக்கு மூட்டைகள் பதுளைக்கு ஏற்றியாயிற்று.

பகல் அரசாங்கக் கச்சேரியிலிருந்து கடுதாசி. இந்த மாதம் 23ஆம் தேதி கார்ப் பரிசோதனை. வழக்கமாக என் மூன்று காருக்கும் வெவ்வேறு மூன்று நாள் தருவார்கள். இந்த வருடம் புதுப் பரிசோதகர். ஒரு சொந்தக்காரரின் வண்டிகள் எல்லாம் ஒரே நாளில், ஒரே நேரத்தில், வரிசையாக நிற்க வேண்டுமாம்.

மூன்று தரம் வாசித்தேன். மடியில் வைத்துக்கொண்டு பின்னேரம் வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். 

மார்ச் 3, புதன்

யாருக்கும் காட்டாத கொப்பி இது. இதிலாவது உள்ளபடி எழுதுவோம்.

ஆனைக்கார் என்பது ஊர் வைத்த பெயர். அமெரிக்காவில் செய்த ஏழு பேர் கார். உயரமான உடம்பு, பெரிய சில்லு. வெள்ளத்தில் மற்றக் கார்கள் நின்றுவிடும், இது துதிக்கையைத் தூக்கின மாதிரிப் போகும். 1933இல் ஒரு தோட்டத்துரையிடம் மூன்றைப் பழையதாக வாங்கினேன். கறுப்பு ஆட்களை ஏற்றி மலைமேல் பதுளைக்கு ஓடுகிறது. பச்சையும் சிவப்பும் கல்முனைக்கு. மூன்று வருடத்தில் ஒன்பது பரிசோதனை. ஒன்றிலும் தவறவில்லை. ஆனைக்கார் தவறாது என்று செங்கலடி வரை பேச்சு.

நல்ல பிறேக் ஒரு சோடிதான் உண்டு. அது மலைக்குப் போகிற கறுப்பில் இருக்கிறது. பரிசோதனை வந்தால் பிட்டர் நல்லரத்தினம் கறுப்பின் பின்சில்லுப் பிறேக் டிரம் இரண்டையும் பட்டையோடு கழற்றிப் பச்சைக்குப் பூட்டுவான். பச்சை தேறினதும் சிவப்புக்கு. கடைசியில் கறுப்புக்கே. நிறம் வேறாக இருந்தால் கண்ணில் படும் என்று ஒவ்வொரு தரமும் டிரம்முக்கு அந்தந்தக் காரின் பெயின்ற் அடிப்போம்.

முதல் வருடம் கொழும்பிலிருந்து சாமான் சுணங்கியதால் செய்தது. அடுத்த வருடம் ஏன் செய்தேன்? தேறின காருக்கு எவன் புதுப் பிறேக் வாங்குவான்? எங்கள் பக்கம் மேடு எங்கே இருக்கிறது? கல்முனை வரை றோட்டில் முட்டையை வைத்தாலும் உருளாது. கியரைக் குறைத்து ஹோண் அடித்தால் போதும். மருமகன் சாலிஹுக்கும் அப்படித்தான் பழக்கினேன். "ஆனைக்கார் இப்படித்தான், மெதுவாத்தான் நிற்கும்" என்றேன். போன மே மாதம் மகள் றபீக்காவைக் கலியாணம் முடித்து நம் வீட்டுக்கு வந்தவன். பச்சைக் காரை அவன் கையில் கொடுத்தேன். சோடி மாற்றும் சங்கதி அவனுக்குத் தெரியாது.

நல்லரத்தினத்திடம் கடுதாசியைக் காட்டினேன். சிரிக்கிறான், பாவி.

"ஒரு கோமணத்த மூண்டு பேர் மாத்தி மாத்திக் கட்டினம் மொதலாளி. இப்ப மூண்டு பேரையும் ஒண்டா வரச் சொல்லியிருக்கு."

மார்ச் 5, வெள்ளி

ஜும்மா முடிந்து வரும்போது தம்பி முறையான ஏறாவூர் பாறூக் பிடித்துக்கொண்டான். அவனும் ஆனைக்கார் இரண்டு வாங்கப் போகிறானாம்.

"காக்கா, உள்ளதச் செல்லுங்க. பரிசோதனையில எப்பிடி?"

"ஒம்பது தரம். ஒருக்காலும் தவறல்ல."

"அது போதும். இண்டைக்கே கொழும்புக்கு எழுதுறன்."

பொய் சொன்னேனா? இல்லை. ஒன்பது தரம் தேறியது உண்மை. வீட்டுக்கு வந்து கை கழுவும்போதுதான் உறைத்தது. ஒன்பது தரமும் தேறியது அந்த ஒரு சோடி. கறுப்பு மூன்று தரம், அது சரி. மற்ற ஆறு?

மார்ச் 8, திங்கள்

கொழும்புக்குத் தந்தி அடித்துக் கேட்டேன். பிறேக் பட்டை ஏப்ரல் கடைசிக் கப்பலில்தானாம்.

மார்ச் 11, வியாழன்

கச்சேரிக்குப் போனேன். பரிசோதனை நாளை மாற்றித் தர முடியுமா என்று கிளாக்கர் தங்கராசாவிடம் தலையைச் சொறிந்தேன்.

"உங்களுக்கென்ன பயம்? ஆனைக்கார்தானே! புது ஐயா உங்கட பைலப் பாத்திட்டு, இப்பிடியும் ஒரு கார் இருக்கா எண்டு கேட்டவர். உங்களத்தான் முதல்ல பாக்கப் போறாராம்."

வெளியே வந்து வாவிக்கரையில் கொஞ்ச நேரம் நின்றேன். 

மார்ச் 16, செவ்வாய்

நெல் மில்லின் பழைய பெல்டை வெட்டிப் பட்டை செய்து பார்க்கலாம் என்கிறான் நல்லரத்தினம். அளவெடுக்க நல்ல சோடி வேண்டும். கறுப்பைக் கொட்டிலில் ஏற்றிக் கழற்றிவிட்டான். நாளைக்குப் பதுளைப் பயணம் இல்லையென்று ஆட்களுக்குச் சொல்லச் சொன்னேன். சொன்னார்களோ என்னவோ.

மார்ச் 17, புதன்

பச்சைக் காரைக் காணவில்லை.

காலையில் ஏறாவூருக்குப் போய்விட்டுப் பகல் வந்தேன். றபீக்கா சொன்னாள்.

"பதுளைக்கு ஏழு பேர் வந்து நிண்டாங்க வாப்பா. கறுப்பக் கழட்டிப் போட்டிரிக்கி. வாப்பாட பேரு கெட்டிரும் எண்டு அவர் பச்சயக் கொண்டு போயிட்டாரு."

"நீ மறிக்கல்லயா?"

"ஏன் மறிக்கோணும்? அதுவும் ஆனைக்கார்தானே." ஏழு மாத வயிற்றில் கையை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

ஏறும்போது ஒன்றும் இல்லை, எஞ்சின் இழுக்கும். இறங்கும்போது? லுணுகலை மலை வளைவுகள் — யா அல்லாஹ் — கியரால நிப்பாட்டு எண்டு செல்லிக் குடுத்தது நான்தானே. பிறேக் இரிக்கி எண்டு நெனச்சுத்தானே மலையில ஏறியிரிப்பான்.

தபால் கந்தோருக்கு ஓடினேன். பதுளையில் நம் கார் நிற்கும் கடைக்குத் தந்தி. காரை இறக்க வேண்டாம், அங்கேயே நில்.

"காரணம் போடல்லயா?" என்றார் போஸ்ட் மாஸ்டர். "இல்லாட்டி வீட்டில ஏதோ எண்டு பயந்து ஓடி வருவார்."

"பிறேக் இல்ல" என்றேன். இத்தனை வருடத்தில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தரம். பக்கத்தில் முத்திரை வாங்க நின்றவர் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அதைத் தந்தியில் எழுதவில்லை. வீட்டில் சுகம், நாளை வருகிறேன் என்று மட்டும் சேர்த்தேன். ஏன்? இப்போதுமா வெட்கம்?

மார்ச் 19, வெள்ளி

எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். முதலில் அதை எழுதிவிடுகிறேன்.

நேற்றுக் காலை நானும் நல்லரத்தினமும் நல்ல சோடியைச் சாக்கில் கட்டிக்கொண்டு பஸ் ஏறினோம். தந்தி கைக்குப் போகுமுன் சாலிஹ் விடியற்காலையிலேயே பதுளையை விட்டிருக்கிறான். லுணுகலைக்குக் கீழே ஒரு வளைவில் பச்சைக் கார் மலைப்பக்கத்து மண்ணில் மூக்கைக் குத்திக்கொண்டு நின்றது. மற்றப் பக்கம் பள்ளத்தை எட்டிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

ஆட்கள் றோட்டோரம் குந்தியிருந்தார்கள். ஒரு பெண்ணுக்கு நெற்றியில் காயம். சாலிஹுக்கு உதடு வெடித்திருந்தது.

"மிதிச்சன் மாமா, ஒண்டும் புடிக்கல்ல. கியரக் கொறச்சு மண்ணுல சாத்தினன். போன வருசம் பாஸ் பண்ணின கார்தானே இது?"

 நல்லரத்தினம் சாக்கை அவிழ்த்தான். சாலிஹ் ஒரு டிரம்மைத் தூக்கிக் கையில் வைத்துக்கொண்டான். கறுப்புப் பெயின்ற் ஓரத்தில் உரிந்திருந்தது. நகத்தால் சுரண்டினான். கறுப்புக்குக் கீழே சிவப்பு. சிவப்புக்குக் கீழே பச்சை. இன்னும் சுரண்டினான். மறுபடி கறுப்பு.

கெட்டிக்காரன். அவனுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"மாமா, இது பச்சக் கார்ல எத்தின நாள் இரிக்கும்?"

"வருசத்துக்கு ஒரு நாள்."

நல்லரத்தினம் தலையைக் காருக்கடியில் விட்டுக்கொண்டான். சோடியைப் பூட்டி நம் காத்தான்குடிக்கு இறங்கி வந்தோம். 

மார்ச் 20, சனி

காரின் திறப்புச் சாவியை றபீக்காவிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அவன் வரவில்லை.

மார்ச் 21, ஞாயிறு

பரிசோதனைக்கு இன்னும் இரண்டு நாள். அந்தப் பயம் இப்போது இரண்டாவதாகிவிட்டது.

றபீக்கா வந்து முன்னால் நின்றாள். "அவர் தண்ட உம்மா வீட்ட போகப் போறாராம். என்னத்துக்கு எண்டு கேட்டா, வாப்பாட்டக் கேளு எண்டுறார். கேக்குறன். என்ன?"

பெண் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை எழும்பிப் போனால் இந்த ஊரில் நான் எப்படித் தலை நிமிர்வேன்? அதுவும் ஏழு மாதத்தில். சொல்லிவிட்டேன். ஒன்று விடாமல் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"இந்தக் கார்லதான் என்னய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக இரிந்தீங்களா வாப்பா?"

ஓம். அதில்தான்.

மார்ச் 22, திங்கள்

மில் பெல்டைப் பூட்டி ஓட்டிப் பார்த்தோம். புகைதான் வந்தது.

"ஒண்டு செய்வம் மொதலாளி" என்றான் நல்லரத்தினம். "பச்சையும் சிவப்பும் வித்தாச்சு எண்டு எழுதிக் குடுப்பம். கறுப்ப மட்டும் காட்டுவம். ஆனைக்கார் பத்தாந்தரமும் பாஸ்!"

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு வெற்றிலை மென்று முடிக்கும் வரை யோசித்தேன்.

"சோடியக் கறுப்புக்குப் பூட்டு. மூண்டும் போகும்."

"மறுகா என்ன செய்யிற?"

"மறுகா ஒண்டுமில்ல. இரிக்கிற மாதிரியே போகும்."

சாலிஹின் அறை வாசலில் நின்று இதைச் சொன்னேன். உள்ளே பெட்டியில் உடுப்பு அடுக்கிய சத்தம் கேட்டது.

மார்ச் 23, செவ்வாய்

கோட்டைக்கு வெளியே வாவிக்கரைத் திடல். சனம். பாறூக்கும் வந்திருந்தான். வெள்ளைத் தடி நட்ட இடத்தில் பிறேக் மிதிக்க வேண்டும்.

கறுப்பு தடியைத் தாண்டி நாலு முழத்தில் நின்றது. கை தட்டினார்கள்.

பச்சையை நானே ஓட்டினேன். தடியில் மிதித்தேன். பக்கத்தால் தடி போனது, பரிசோதகர் போனார், புளியமரம் போனது. முன்சில்லு வாவிக்குள் இறங்கிய பிறகுதான் நின்றது.

"ஆனைக்குத் தண்ணி விடாய்டா! விடுங்கடா, குளிக்கட்டும்!" என்று எவனோ கத்தினான். திடலே சிரித்தது. சிவப்பும் அப்படித்தான், தண்ணீர் மட்டும் தொடவில்லை.

இவை போன வருடம் தேறினவையா என்று தங்கராசா மூலம் பரிசோதகர் கேட்டார்.

"ஓம். போன வருசம் ஒரு பிறேக் மூண்டு கார்ல வந்திச்சு. இந்த வருசம்தான் மூண்டு காரும் வந்திரிக்கி."

தங்கராசா முழித்தார். "இத இங்கிலிசில சொல்லவா?"

"சொல்லுங்க."

பரிசோதகர் மறுபடி ஒரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு எழுதினார். பச்சையும் சிவப்பும் றோட்டில் ஏறக் கூடாது. வழக்கும் வரலாம்.

பாறூக் என் சேர்ட்டைப் பிடிக்காத குறை. "ஒம்பது தரம் எண்டீங்களே காக்கா!"

"பிறேக்கப் பாத்து வாங்கு. என்ட சொல்லப் பாத்து வாங்காத. கொழும்புல கேட்டது வேணாம் எண்டு தந்தி அடி."

திரும்பும்போதுதான் கண்டேன். புளியமரத்தடியில் சாலிஹ். எப்போது வந்தானோ. என் சாறன் முழங்கால் வரை நனைந்திருந்தது. பார்த்துவிட்டுத் தன் பாட்டில் நடந்தான்.

பின்னேரம் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவன் செருப்புக் கிடந்தது.

ஏப்ரல் 6, செவ்வாய்

வழக்குக் கடுதாசி வந்துவிட்டது. கறுப்பிலும் ஆட்கள் குறைவு. சாலிஹ் நம் பாக்குக் கடையில் நிற்கிறான், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறான்.

மே 4, செவ்வாய்

பட்டை போன கிழமை வந்து சேர்ந்தது. நல்லரத்தினம் பூட்டினான். சாலிஹ் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு ஆணியையும் தொட்டுப் பார்த்தான். பச்சையை நேற்றுப் பரிசோதனைக்குக் கொண்டு போனதும் அவன்தான். சேட்டிபிக்கட்டை என்னிடம் தரவில்லை, தன் சேர்ட் பையில் வைத்துக்கொண்டான். சரிதான்.

றபீக்காவுக்கு நாள் கிட்டிவிட்டது. இன்று காலை சாலிஹ் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். "ஏறுங்க மாமா."

கல்லடிப் பாலத்துக்குப் போனோம். நம் பக்கத்தில் சரிவு என்று சொல்ல அது ஒன்றுதான் உண்டு. பாலம் கடந்து இறங்கும்போது வேகத்தைக் கூட்டினான். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன்.  சொல்லாமல் கொள்ளாமல் மிதித்தான்.

கார் அப்படியே நின்றது. என் தொப்பி பறந்து காலடியில் விழுந்தது.

சாலிஹ் சிரித்தான். ஒன்றரை மாதத்துக்குப் பிறகு. "இப்ப சரியா மாமா?"

தொப்பியை எடுத்துத் தட்டிப் போட்டேன். "திருப்பி எடு" என்றேன். "இன்னொருக்கா மிதிச்சுக் காட்டு."