காவி எழுதாத அக்கி

1978 ஜூன் 5, திங்கள்

கத்திரி முடிந்து ஒரு வாரம். வெயிலுக்கு அந்தச் சேதி இன்னும் வரவில்லை. ஒன்பதாவது மாதம். பாக்கிங் செக்ஷனில் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. அரிசி புடைத்தேன். அவருடைய காக்கிச் சட்டைக்குப் பித்தான்.

குளிக்கும்போது கை பட்டது. கீழே, வெளியே சொல்ல முடியாத இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளம். நாலைந்து இருக்கும். ஒன்றுக்குப் போனால் உயிர் போகிற எரிச்சல். இரண்டு நாளாக உடம்பும் அனல். அக்கிதான். சூடு. வேறென்ன.

அவரிடம் சொல்லவில்லை. அத்தையிடம் சொல்லவே மாட்டேன். மோர், இரண்டு சொம்பு.

ஜூன் 7, புதன்

புழுக்கம். கொப்புளம் உடைந்து புண். உட்கார முடியவில்லை. அத்தை: "இன்னா, நின்னுகினே துன்ற?" முதுகுவலி என்றேன்.

அக்கி என்றால் குயவர் வீட்டில் காவி எழுதுவார்கள். போன வருஷம் அவருக்கு முதுகில் வந்தபோது முனியம்மாதான் சேவல் இறகால் எழுதினாள். சீக்கிரமே காய்ந்துவிட்டது. நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அக்கிக்கு மட்டும் விதிவிலக்கு.

என் யோசனை: குழைத்த காவியை வாங்கி வந்து நானே எழுதிக்கொள்வது. வயிறு மறைக்கும், கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். நினைத்தால் சிரிப்பு, அழுகை இரண்டும். கொட்டாங்கச்சியோடு போனேன்.

"எங்க வந்திருக்குது?"

"இடுப்புல."

"காட்டுமா."

தலையைக் குனிந்துகொண்டேன். முனியம்மாவுக்குப் புரிந்துவிட்டது. சக்கரத்தில் இருந்த புருஷனை வெளியே அனுப்பினாள்.

"அங்க வர்றதுக்கு நான் எழுதமாட்டேன். காவி பூசி மூடிக்கினா உனக்குத் தெரியாம போவும். உள்ள இருக்கிற புள்ளைக்கு? நாளைக்கே லேடி டாக்டராண்ட போ. நானும் வரேன்."

கொட்டாங்கச்சி காலியாகத் திரும்பியது. வழியெல்லாம் மனதுக்குள் அவளைத் திட்டினேன்.

ஜூன் 8, வியாழன்

முனியம்மா சொன்னபடி வந்தாள். வேலையை விட்டுவிட்டு, முழங்கை வரை களிமண்ணோடு.

லேடி டாக்டர் திட்டுவார் என்று பயந்தேன். திட்டவில்லை. எத்தனை நாளாக, காய்ச்சல் உண்டா, வீட்டுக்காரருக்கு உண்டா என்று கேட்டார். பார்த்தார்.

"இது சூடு இல்லம்மா, ஒட்டிக்கிற நோய். வலி எடுக்கும்போது இந்தப் புண் இருந்தா, வர்ற வழியிலேயே குழந்தைக்கும் ஒட்டிக்கும். பச்சைக் குழந்தை தாங்காது. அப்படி இருந்தா ஆபரேஷன்தான். திங்கக்கிழமையே வந்திருக்கணும் நீங்க. பரவாயில்ல, வந்தீங்களே."

பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு. மறக்கக் கூடாதவை:

வலி வந்தாலும் பனிக்குடம் உடைந்தாலும் உடனே கிளம்பணும்.

வீட்டில் மருத்துவச்சி வேண்டாம்.

அங்கே யார் பார்த்தாலும் முதல் வார்த்தை, கொப்புளம்.

சாயங்காலம் அவரிடம் சொன்னேன். "எனக்கும் போன மாசம் வந்துச்சு. பர்னஸாண்ட நின்னுகினே இருக்கோம், அந்தச் சூடுன்னு நெனச்சேன். கல்யாணத்துக்கு முன்னால ஒருதபா வந்துது." ஆக இரண்டு பேரும் வெயில்மேல் பழி போட்டு மறைத்திருக்கிறோம். கோபம். சோற்றைப் போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்தேன்.

ஜூன் 17, சனி

ஆஸ்பத்திரிக் கட்டில். பென்சில். தையல் இழுக்கிறது.

வியாழன் விடியற்காலை வலி. நாள் இன்னும் இருந்தது, உள்ளே இருந்தவளுக்கு அவசரம். அவர் கம்பெனி வேனைக் கெஞ்சிக் கொண்டுவந்தார். மீஞ்சூர் கேட்டில் கூட்ஸ் வண்டிக்காக நின்றபோது என் கையைப் பிடித்திருந்தார். விடச் சொல்லவில்லை.

நர்ஸ் கேட்பதற்கு முன்னே சொல்லிவிட்டேன். வெட்கப்பட நேரமில்லை. பார்த்தார்கள், புண் ஆறவில்லை. ஆபரேஷன்.

பெண். ஷிப்ட் சைரன் மாதிரி குரல். ஸ்தோத்திரம் ஆண்டவரே. முனியம்மாவுக்கும் ஸ்தோத்திரம், அப்படிச் சொல்லலாமோ கூடாதோ.

ஜூன் 28, புதன்

வீடு. நேற்று கொஞ்சம் மழை. பிள்ளைக்குக் காய்ச்சல், கொப்புளம், பால் குடிக்காமை, எது வந்தாலும் அன்றைக்கே வரச் சொல்லியிருக்கிறார்கள். துணி மாற்றும்போதெல்லாம் பார்க்கிறேன். ஒன்றுமில்லை. நன்றாகக் குடிக்கிறாள்.

பள்ளிப்பட்டிலிருந்து அத்தையின் தங்கை வந்திருக்கிறாள். வந்ததும் ஆரம்பம். "சொகமா பெறாம வயித்த ஏன் கீச்சாங்க? இவ ஒடம்புல இன்னா கோளாறு?"

அத்தை என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

வாசலில் சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தவர் துணியும் கையுமாக உள்ளே வந்தார். "கோளாறு என்னுது சின்னம்மா. என்னாண்டேந்துதான் அவளுக்கு ஒட்டிக்கிச்சு. அவ போய்க் காட்டினதால புள்ள இருக்குது."

அவர் காது சிவந்திருந்தது. அத்தை பூண்டுக் குழம்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"ஆறிடப் போவுது. துன்னு."