கண்ணாடி ஏற்றிய வண்டி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அம்மா நலம். உன் மகள் சுண்டெலிக்குக் கன்னத்தில் சதை போட்டிருக்கிறது, அவளும் நலம். உன் மனைவி நலமாக இல்லை. அதைப் போனில் சொல்ல ஆரம்பித்தாலே, அக்கா சிக்னல் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது. இன்று இங்கிருந்து கிளம்பும் உன் கம்பெனி ஜீப்பின் தபால் பையோடு இது ராத்திரிக்குள் வந்து சேரும். சாப்பிட்டுவிட்டே படி, படித்த பிறகு சோறு இறங்காது.

மருத்துவமனைக்குப் போன் செய்து, "அவங்க இப்ப நல்லாயிட்டாங்க, கவுன்சிலிங் எல்லாம் வேண்டாம்" என்று சொல்ல உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? பிரசவத்துக்குச் சேர்த்தபோது எழுதிக் கொடுத்த நம்பர் உன்னுடையது. அதனால் அவர்களும் சரி என்று விட்டுவிட்டார்கள். நீ பாலம் கட்டுகிறவன். தூணில் விரிசல் இல்லை என்று யாரோ போனில் சொன்னால் நம்பிக் கையெழுத்துப் போடுவாயா? கட்டின மனைவிக்கு மட்டும், பார்க்காமலே நல்லாயிட்டாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டாய். எனக்கு வந்த கோபத்துக்கு நீ பக்கத்தில் இருந்திருந்தால் காதைத் திருகியிருப்பேன். உனக்கு மீசை இருக்கிறது என்றெல்லாம் பார்த்திருக்க மாட்டேன்.

இது எப்படி ஆரம்பித்தது என்று உனக்கு முழுதாகத் தெரியாது. சுண்டெலிக்குத் தடுப்பூசி போட நாங்கள் மூவரும் போயிருந்தோம். ஊசி போட்டதும் குழந்தை வீறிட்டது. அம்மா தூக்கிக்கொண்டாள், நான் கிலுகிலுப்பையை ஆட்டினேன். நர்ஸ் மட்டும் உன் மனைவியைப் பார்த்தாள். "நீங்க எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டாள். அவ்வளவுதான். பெற்று வந்ததிலிருந்து அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்கவில்லை போலிருக்கிறது. அங்கேயே உட்கார்ந்து அழுதாள். ஊசி போட்ட குழந்தையே அழுகையை நிறுத்திவிட்டுத் தன் அம்மாவைப் பார்த்தது.

அதன் பிறகுதான் கவுன்சிலர் வாராவாரம் போனில் பேச ஏற்பாடானது. முதல் முறை உன் மனைவி வீட்டிலேயே, போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். தூக்கம் எப்படி என்று அந்த அம்மாள் கேட்டதும், நம் அம்மா பக்கத்து அறையிலிருந்து, "நல்லாத் தூங்குறா, நாங்கதான் குழந்தையப் பாத்துக்கிறோமே!" என்று கத்தினாள். பசிக்கிறதா என்ற கேள்விக்கும் அம்மாவே பதில். குழந்தையோடு இருக்கும்போது மனசுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கும், "தலச்சன் பிள்ள, சந்தோசமா இல்லாம எப்படி இருக்கும்?" என்று அம்மாதான். ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள் உன் மனைவி. ஊரே அவள் குரலைக் கேட்டு மூட்டையைத் தூக்கும். அவளுக்குப் பதிலாக நம் வீட்டில் எல்லாரும் பேசிக்கொண்டிருந்தோம்.

எனக்கு ஒன்று புரிந்தது. எங்கள் டிரைவிங் ஸ்கூல் வண்டியில் சொல்லிக் கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. பழக வந்தவர் காலை அசைக்கும் முன்பே நான் அதை மிதித்துக்கொண்டிருந்தால், அவர் எந்தக் காலத்திலும் ஓட்டப் போவதில்லை. உன் மனைவி குழந்தையைத் தொடப் போனால், ஒத்தாசை என்ற பெயரில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். குளிப்பாட்டுவது அம்மா, தூங்க வைப்பது அம்மா. பால் கொடுக்க மட்டும் கையில் தருவது, குடித்ததும் வாங்கிக்கொள்வது. ஒருநாள் என்னிடம், "எங்கிட்ட இருந்தா குழந்தைக்கு ஏதாவது ஆயிடும்னு உங்க எல்லாருக்குமே தெரியுது, இல்ல அண்ணி?" என்று கேட்டாள்.

அதனால்தான் அடுத்த வாரம் வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினேன். அவளை ஓட்டுநர் சீட்டில் உட்கார வைத்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு, போனைக் கையில் கொடுத்தேன். நான் சுண்டெலியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்து நடந்து வந்தேன். அவள் பேசினாள். வாரம் தவறாமல் பேசினாள். ஒருமுறை இறங்கி வந்து, தானே கையை நீட்டிக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். நீ அதைப் பார்க்கவில்லையே என்று எனக்கு அன்றைக்குத்தான் உன்மேல் பரிதாபம் வந்தது.

எதிர்வீட்டுப் புண்ணியவதிக்கு அது பொறுக்கவில்லை. வண்டியில் மாட்டியிருக்கும் 'எல்' போர்டைப் பார்த்துவிட்டு, பச்சைக் குழந்தையை விட்டுவிட்டு மருமகள் கார் பழகுகிறாள் என்று அம்மாவிடம் போட்டுக் கொடுத்தாள். அம்மா உன்னிடம். நீ எனக்குப் போன் செய்து குதித்தாய். உண்மையைச் சொன்னால் அடங்குவாய் என்று நினைத்து, கார் பழகவில்லை, கவுன்சிலரிடம் பேசுகிறாள் என்றேன். நீ இன்னும் மேலே குதித்தாய். "என் பொண்டாட்டி என்ன பைத்தியமா? தெருவுல உக்காந்து குடும்பக் கதையச் சொல்லணுமா?" என்று கேட்டாய். மறுநாளே மருத்துவமனைக்குப் போன் போட்டாய்.

அந்த வாரம் நான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்த் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்தால் அவள் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி ஏற்றியிருக்கிறது. மடியில் போன். நீ கவுன்சிலிங்கை நிறுத்திவிட்டது அவளுக்குத் தெரியும். அழைப்பு வராது என்றும் தெரியும். என்னம்மா என்றேன். "சும்மாத்தான் அண்ணி. கொஞ்ச நேரம் உக்காந்துக்கட்டுமா?" என்று கேட்டாள். என் வண்டியில் உட்கார என்னிடம் கெஞ்சுகிறாள். அம்மா குழந்தையோடு வாசல் கேட்டில் நின்று பார்த்தாள். அன்று சாயங்காலம் நீ வீடியோ காலில் வந்தபோது, அவள் தூங்குகிறாள் என்று அம்மா சொன்னது பொய். அவள் விழித்துத்தான் இருந்தாள். "குழந்தையத் தூக்கிக் காட்டு, கொஞ்சம் சிரியேன்" என்று நீ தினமும் கேட்பாயே, அந்தச் சிரிப்பைச் சிரிக்க அவளால் முடியாது என்று அம்மாவுக்கே தெரிந்துவிட்டது. எங்களுக்கெல்லாம் யார் கவுன்சிலிங் கொடுத்தார்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தவள், இப்போது அதைக் கேட்பதில்லை.

மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டு வாங்கிப் போட்டிருக்கிறேன். சாவி என் வண்டிச் சாவியோடு இருக்கிறது. அவளைத் தனியாக விடுவதில்லை, நானும் அம்மாவும் மாறி மாறிப் பக்கத்தில் இருக்கிறோம். ஏன் என்று என்னிடம் கேட்காதே. தெரிந்தும் கேட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

நேற்று நேரில் போய்க் கவுன்சிலரைப் பார்த்தேன். இருக்கும் நிலைமையை ஒளிக்காமல் சொன்னேன். டாக்டரிடம் பேசி நாளைக் காலையே வரச் சொல்லியிருக்கிறார்கள், நான் அழைத்துப் போகிறேன். அதற்கு உன் அனுமதிக்காக யாரும் காத்திருக்கவில்லை. பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இப்படி வருவதுதான், அவள் தப்பு எதுவும் இல்லை, கவனித்தால் சரியாகிவிடும் என்று அந்த அம்மாள் பொறுமையாகச் சொன்னார். மறுபடி பேச உன் கையெழுத்தும் வேண்டாம், என் கையெழுத்தும் வேண்டாமாம். அவள் வேண்டும் என்று சொன்னால் போதும். ஆனால் அவளைக் கேட்டால், "அவருக்குப் பிடிக்கலையே அண்ணி" என்கிறாள். நாளைக்கு நான் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிவிடலாம். அங்கே போய் அவள் வாயைத் திறக்க வேண்டுமே! அதற்குக் குறுக்கே நிற்பது நீ ஒருவன்தான்.

ஆகவே இதைப் படித்ததும் அவளுக்குப் போன் செய். வீடியோ வேண்டாம், குரல் போதும். குழந்தை பால் குடித்ததா என்று ஆரம்பிக்காதே. மன்னிப்புக் கேட்கிறேன் பேர்வழி என்று உன் புராணத்தையும் பாடாதே. நான் நிறுத்தச் சொன்னது தப்பு, நீ பேசு என்று சொல். பிறகு, நீ எப்படி இருக்கிறாய் என்று கேள். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள். அவள் உடனே பதில் சொல்ல மாட்டாள். அந்த மௌனத்தில் உனக்குக் கை பரபரக்கும், ஏதாவது சொல்லி நிரப்பப் பார்ப்பாய். நிரப்பாதே. அவள் குரலை இன்னொரு முறை கேட்பதற்காக, ஏறவேண்டிய ரயிலையே விட்டுவிட்டு நடைமேடையில் உட்கார்ந்திருந்த ஆள்தானே நீ? அப்போது உன்னால் காத்திருக்க முடிந்தது. இப்போதும் காத்திரு.

லீவு கிடைத்தால் வா. கிடைக்காவிட்டால் சண்டை போட்டு வாங்கிக்கொண்டு வா. கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன், எதையும் அடிக்கப் போவதில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், தம்பி. மூன்று பேரும். மூன்று பேருமே.

இப்படிக்கு,
உன்மேல் கோபம் தீராத,
அக்கா