உருளைக்கிழங்கு மண்டியை ஒட்டிய அறை

1934 ஜூன் 10, ஞாயிறு, குன்னூர்

இன்றும் யாரும் வரவில்லை. கம்பளிக் கடையைத் தம்பி பஷீரிடம் விட்டுவிட்டுக் காலையிலிருந்து அறையில் உட்கார்ந்திருந்தேன். சந்தை நாள். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் சாரி சாரியாக வாசலைத் தாண்டித்தான் போனார்கள். உள்ளே பார்வைக்கு வைத்திருப்பதெல்லாம் செத்துப்போன அவர்களுடைய ஆட்களின் பொருள்கள்: கொழுந்துக் கூடை, கவாத்துக் கத்தி, கம்பளி. ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளாடு வந்தது. அதுவும் மழைக்கு ஒதுங்க.

வீட்டில் மனைவி சைனம்புவின் கேலி வேறு. மதராஸ் மியூசியத்துக்குச் செத்த காலேஜ் என்று பெயராம். "அங்கயாச்சும் கூட்டம் வருதாம். உங்க செத்த காலேஜுக்கு?"

ஜூன் 13

கோதண்டம் செட்டியார் வந்தார். அறை அவருடையது, மண்டியை ஒட்டியது. சும்மாதான் கொடுத்திருக்கிறார். "ஏனுங்க பாய், ஆளு வந்தா இருக்கட்டும். வெறுமனே கெடக்கறதுக்கு நான் கெழங்கு மூட்டை அடுக்கிக்கறனுங்க" என்றார். ஜூலை பாதி வரை பொறுப்பாராம். அவர் மேல் குற்றமில்லை.

இதை ஆரம்பித்தவர்கள் நானும் தோட்டத்து ஆஸ்பத்திரி காம்பவுண்டர் சின்னராஜும். துரைமார் செத்தால் கல்லறையில் பெயர் வெட்டுகிறார்கள். காட்டைத் திருத்திக் காய்ச்சலில் போன கூலி ஆளுக்கு எங்கே பெயர் இருக்கிறது? கூலி ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் சாவு விழுந்தால், சில நாள் கழித்துச் செத்தவரின் சாமான் ஓடைக்கரையில் கிடக்கும். சின்னராஜ் பொறுக்கி, மேஸ்திரியிடம் பெயர் கேட்டு, மழையில் சுமந்து வருவார். நான் பெயர் எழுதித் தொங்கவிடுவேன்.

அப்பன் போர்த்திய கம்பளியையே வீசிவிட்டுப் போகிற ஜனங்கள்! முன்பெல்லாம் கோபம் வரும். இப்போது அதற்கும் அலுப்பு.

ஜூன் 17

மழை. யாரும் இல்லை.

ஜூன் 24

பொறுக்க முடியாமல் வாசலில் இறங்கி நின்றேன். ராக்கம்மா வந்தாள். கொழுந்து பறிப்பவள், நம் கடையில்தான் கம்பளி எடுப்பாள். "உள்ளே வந்து பாரும்மா, உன் புருசன் சங்கிலி போர்த்தின கம்பளி இருக்கு" என்றேன். அவள் முகம் வெளிறிவிட்டது. "வேண்டாமுங்க" என்று சேற்றில் இறங்கி ஓடாத குறையாகப் போய்விட்டாள்.

என்ன தப்பாகச் சொன்னேன்?

ஜூன் 27

ராக்கம்மாவே கடைக்கு வந்தாள். பஷீர் உள்ளே போகும் வரை காத்திருந்து சொன்னாள்.

"தப்பா நெனைக்காதீங்க பாய். செத்தவங்க பொழங்குன சாமானத்த நாங்க வெச்சுக்க மாட்டமுங்க. பதினாறாம் நாளு ஓடையில போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துருவமுங்க. அப்பத்தான் அவிய போவாங்க. நீங்க எடுத்தாந்து பூட்டி வெச்சுட்டீங்க. எம்பட ஊட்டுக்காரரு இன்னும் அந்த ரூமுலதானுங்க குந்தியிருக்காரு. நான் எப்படி அங்க வாரது?"

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"பெரிய மனுசங்க செய்யறீங்க. நாங்க என்னத்தச் சொல்ல?"

ஐயோ. ஏன் போடுறீங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேக்கலையே! வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 2

சாமான்களை அந்தந்த வீட்டாரிடமே கொடுத்துவிடலாம் என்றேன். சின்னராஜுடன் சண்டை. "எல்லாத்தையும் தண்ணியில விட்டுட்டா நம்மகிட்ட என்னங்க மிஞ்சும்? செவுரா?" என்று கத்தினார். அதுவும் நியாயம். வைத்துக்கொண்டால் ஆள் வராது. கொடுத்துவிட்டால் காட்ட ஒன்றுமில்லை. எப்படியும் அறை போகும். அப்படியிருக்க, ராக்கம்மா ஏன் எங்கள் வாசலுக்குப் பயந்து சேற்றில் நடக்க வேண்டும்?

ஜூலை 8, ஞாயிறு

லயத்துக்குச் சொல்லி அனுப்பி, எல்லாவற்றையும் ஓடைக்கு எடுத்துப் போனோம். முணுமுணுத்துக்கொண்டே பாதிச் சுமையைச் சின்னராஜ்தான் தூக்கினார். நான் பெயர் சொல்லச் சொல்ல, அந்தந்த வீட்டார் வாங்கித் தண்ணீரில் விட்டார்கள். விட்டவர்கள் விறுவிறுவென்று மேடேறினார்கள். ராக்கம்மாவும் திரும்பவில்லை.

நான் திரும்பிப் பார்த்தேன். நனைந்த கம்பளி சீக்கிரம் நகர்வதில்லை.

ஜூலை 15, ஞாயிறு

அறையைப் பெருக்கிச் சாவி கொடுக்கப் போயிருந்தேன். வாசலில் ராக்கம்மா. பின்னால் லயத்துப் பெண்கள் இசக்கியம்மா, பாலாமணி, இன்னும் பலர்.

"இப்ப உள்ள வரலாமுங்களா பாய்?"

"உள்ளே ஒண்ணுமே இல்லையேம்மா."

"அதனாலதானுங்க வந்தோம்."

வெறுந்தரையில் உட்கார்ந்தார்கள். சங்கிலியின் கம்பளி எங்கே தொங்கியது என்று கேட்டாள் ராக்கம்மா. ஆணியைக் காட்டினேன். அதையே பார்த்துக்கொண்டு, மலையேறி வந்த புதிதில் அட்டைக்குப் பயந்து அவன் மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்ட கதையைச் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், அப்புறம் அழுதாள். இன்னொருத்தி தன் அண்ணனைப் பற்றி ஆரம்பித்தாள். சாவிக்கு வந்த செட்டியார் கேட்டுக்கொண்டே நின்றார். சாவியைக் கேட்காமலே போய்விட்டார்.

ஜூலை 22, ஞாயிறு

செட்டியார் மூட்டைகளைச் சுவரோரமாக அடுக்கி, நடுவில் இடம் விட்டிருக்கிறார். வந்த கூட்டத்துக்கு அதுவும் போதவில்லை. நான் வெளியே தூறலில் நின்றுதான் கேட்டேன். கால் வலிக்கிறது.